நெரிசலில் யாருக்கு முதலிடம்?



ஆறுமுகநேரியில் உப்பளத் தொழிலாளி ஒருவர் சனிக்கிழமை மாலை ஏடிஎம் இயந்திரத்தில் தம் கூலிப் பணத்தை எடுக்கிறார். அவருடைய கணக்கு அந்த இயந்திரத்துக்குள் இல்லை. எங்கோ ஒரு தரவு மையத்தின் சேமிப்புக் கருவிகளில் இருக்கிறது. அக்கருவிகளையும் சர்வர்களையும் இணைக்கும் தனி வலையமைப்பை ‘ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்’ என்பார்கள். அத்துறையில் பணிபுரியும் நம் சபை வாலிபர் ஒருவர் அதன் ஒழுங்கை எனக்கு விளக்கினார். சபையையும் குடும்பத்தையும் நடத்துகிறவர்களுக்கு அதில் பாடம் உண்டு என்று கண்டேன்.

ஏடிஎம் கணக்கைக் கவனிக்கும் சர்வர், அறிக்கை தயாரிக்கும் சர்வர், எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கும் பேக்கப் சர்வர் ஆகிய மூன்றும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பாதையில் இடம் இருக்கும்வரை முன்னுரிமைக்கு வேலையே இல்லை. பேக்கப்பின் பெருந்திரள் பாதையை நிரப்பும்போதுதான் தொழிலாளி இயந்திரத்தின்முன் காத்து நிற்கிறார். ஆகவே போக்குவரத்தை உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று முன்னதாகவே பிரித்து வைக்கிறார்கள். பிராக்கேட் நிறுவனத்தின் ஸ்விட்சுகளில், நெரிசல் வேளையில் பாதை ஏறத்தாழ 60, 30, 10 சதவீதமாகப் பங்கிடப்படுகிறது.

அந்தக் கடைசிப் பத்தைக் கவனியுங்கள். தாழ்ந்த வரிசைக்கும் பங்கு உண்டு. பேக்கப்பை முற்றிலும் நிறுத்திவிட்டால், சேமிப்புக் கருவி பழுதாகும் நாளில் மீட்டெடுக்க ஒன்றும் இராது. பிந்தி வருவது வேறு, மறக்கப்படுவது வேறு.

இன்னொரு காரியமும் உண்டு. ‘ஃபைபர் சேனல்’ முறையில், பெறுகிறவர் இடம் இருக்கிறது என்று அறிவித்தால்தான் அனுப்புகிறவர் அனுப்புவார். ஒரு சர்வர் தரவைக் கேட்டுவிட்டு மந்தமாக வாங்கிக்கொண்டால், அதற்குரியவை பொதுப் பாதையில் தேங்கிவிடும். குற்றமற்ற மற்ற சர்வர்களும் பின்னால் காத்து நிற்கும். சபையிலும் அப்படியே. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொறுப்பை வாங்கியவர் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லாதிருந்தால், அவர் பொருட்டு பலர் காத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. நம் அண்டை ஊராகிய காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து நம் ஊர் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். சாலையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே ஓய்ந்த வேளையில், இருப்பதோ ஒரு படகு என்றால் அது முதலில் எங்கே போகவேண்டும்? உரக்கக் கூப்பிட்டவர் தெருவுக்கா? டயாலிசிஸ் தவறினால் உயிர் தவறும் ஒருவர் வீட்டுக்கா? கழுத்தளவு நீரில் நின்று இதைத் தீர்மானிக்க முடியாது. அப்பொழுது சத்தமே முன்னுரிமை ஆகிவிடும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஆதிச்சபைக்கும் இத்தகைய நெரிசல் வந்தது. சீஷர்கள் பெருகினார்கள், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டார்கள். பன்னிருவரும் ஜெபத்தையும் வசனத்தையும் தங்கள் முதற்பணியாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் பந்தி விசாரணை அற்பமானது என்று தள்ளிவிடவில்லை. ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரிடம் அதை ஒப்புவித்தார்கள். ஸ்தேவானும் அவர்களில் ஒருவர். இரண்டு பணிகளுக்கும் தனித்தனிப் பாதை உண்டாயிற்று. விதவைகளுக்குரிய பங்கும் நிலைத்தது.

அன்பானவர்களே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் நம் சபையில் ஒரு பட்டியல் ஆயத்தமாகட்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள், தனியே வாழும் முதியோர் ஆகியோரின் வீடுகள் எவை, அவ்வீடுகளுக்குப் பொறுப்பாளர் யார் என்பதை எழுதிவைப்போம். நம் சபையாரோடு நிறுத்தாமல், தெருவிலுள்ள எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம். பட்டியலின் கடைசிப் பெயருக்கும் ஒரு பங்கு குறித்துவைப்போம். சத்தமிட இயலாதவர்களின் பெயர்கள் வெயில் நாட்களிலேயே எழுதப்படட்டும்.

கர்த்தர் அதற்கான ஞானத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.