கால் முந்தி, கை பிந்தி

கையில் மட்டை இருக்கிறது, எதிரே பந்து வருகிறது, ஓங்கி அடிக்க வேண்டியதுதானே, இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் நல்ல மனிதர்கள் எங்கள் மல்லசமுத்திரத்தில் பலர் உண்டு. பருத்தி ஏலத்துக்கு மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு ஊர் திரும்பும் குடியானவர்கள் மைதானத்து ஓரத்தில் சற்று நேரம் நின்று, பெண்பிள்ளைகள் மென்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, இந்தக் கேள்வியை என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் முடிக்கக்கூடிய விடை அதற்கு இல்லை. சிறுபிள்ளைகளுக்கு அந்த வித்தையைக் கற்பித்துவரும் அனுபவத்தின் பேரில் சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறேன்.

மென்பந்தாட்டம் பிறந்த கதை சுவையானது. 1887ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் படகுச் சங்கம் ஒன்றின் கூடத்தில், அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்றின் முடிவு தந்தியில் வருவதற்காகக் காத்திருந்த இளைஞர்களுள் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை விளையாட்டாக வீச, மற்றொருவர் அதைக் கோலால் அடித்துத் திருப்ப, அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே இறுகக் கட்டிப் பந்தாக்கி ஓர் ஆட்டத்தை அங்கேயே தொடங்கிவைத்தார் என்பது வரலாறு. இன்று வழங்கும் சாப்ட்பால் என்னும் பெயரை 1926இல் சூட்டியவர் டென்வர் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹேகன்சன். அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பி வந்திருக்கிறது. மேல்நாட்டு ஆட்டங்கள் நம் பள்ளி மைதானங்களுக்கு வந்து சேர்ந்ததில் அவ்வாசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்குரிய ஆட்டமாக இடம்பெற்ற மென்பந்து, இடையில் விலக்கப்பட்டு, டோக்கியோவில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2028இல் லாஸ் ஏஞ்சலஸிலும் இடம்பெறவிருக்கிறது.

இனி அடிப்பதன் சிரமத்துக்கு வருவோம். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுபவள் நிற்கும் இடத்துக்கும், அடிப்பவளருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்னும் பலகைக்கும் இடையே உள்ள தூரம் 43 அடிதான். பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மட்டையோ உருண்டையானது, அதன் பருத்த பாகத்தின் குறுக்களவு இரண்டேகால் அங்குலத்தைத் தாண்டலாகாது என்பது விதி. கிரிக்கெட் மட்டைக்கு நாலேகால் அங்குலம் வரை அகலமுள்ள தட்டையான முகம் உண்டு. இங்கே உருண்டையை உருண்டையால் அடிக்க வேண்டியிருப்பதால், பந்தின் உச்சியில் மட்டை பட்டால் அது தரையில் உருண்டோடிவிடும், அடியில் பட்டால் செங்குத்தாக எழும்பி எதிரணியின் கையுறையில் போய் விழும். தேர்ந்த வீராங்கனை இடுப்போரமாகக் கையைச் சுழற்றி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விடும் பந்து அடிப்பவளை அடைய அரை விநாடிகூட ஆவதில்லை. அந்த அற்ப நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மட்டையை வீசுவதற்கே செலவாகிவிடுமாதலால், பந்தைக் கண்டு, தகுதியறிந்து, அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க எஞ்சுவது ஒரு கண்ணிமைப்பொழுதே.

இது பெண்பிள்ளைகளின் ஆட்டந்தானே என்று எளிதாக எண்ணுவோருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. 2004இல் கலிபோர்னியாவில் நடந்த காட்சிப் போட்டி ஒன்றில், அமெரிக்க மென்பந்து வீராங்கனை ஜென்னி பின்ச், பேஸ்பால் உலகில் பெயர்பெற்ற ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாஸா, பிரையன் கைல்ஸ் ஆகிய மூவரையும் அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அவர்களுக்குப் புஜபலத்தில் குறைவில்லை. ஆயினும், தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்குப் பழகியிருந்த அவர்களுடைய கண்ணும் தேகமும் இடுப்புக்குக் கீழிருந்து கிளம்பி வரும் பந்துக்குப் பழகியிருக்கவில்லை. பழக்கமே இந்த ஆட்டத்தில் பாதி பலம் என்பதை அந்த ஒரு போட்டி உலகத்துக்குக் காட்டிவிட்டது.

எங்கள் பிள்ளைகள் மைதானத்துக்கு வரும்போதே ஒரு பழக்கத்தோடுதான் வருகிறார்கள். அண்ணன் தம்பிகளோடு அறுவடை முடிந்த கடலைக்காட்டில் ரப்பர் பந்துக் கிரிக்கெட் ஆடிய பிள்ளை, மட்டையைக் கையில் வாங்கியதும் அதைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பாள். பந்து வந்ததும் உடலின் பாரமெல்லாம் முன்காலில் சரிய, இரண்டு கைகளாலும் மட்டையைத் தள்ளுவாள். மென்பந்தில் மட்டை தோளுக்கு அருகே உயர்ந்து நிற்க வேண்டும். பாரம் பின்காலில் தங்க வேண்டும். மட்டையை உள்ளங்கையில் புதைத்துப் பிடிக்காமல், கதவைத் தட்டும்போது முன்வரும் விரற்கணுக்கள் இரு கைகளிலும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமையும்படி விரல்களில் ஏந்திப் பிடித்தால்தான் மணிக்கட்டு தளர்வாக இயங்கும். இவை பார்வைக்கு அற்ப விஷயங்கள். ஆனால் இவற்றில் ஒன்று பிசகினாலும் பின்னால் வரும் அனைத்தும் பிசகும்.

முறையான அடி என்பது ஒரு கிரமம். பந்து வீசுபவளின் கை சுழலத் தொடங்கியதும் அடிப்பவள் பின்காலில் பாரத்தை மெல்லச் சேர்க்கிறாள். முன்காலை ஒரு சாண் அளவு எடுத்து ஓசையில்லாமல் வைக்கிறாள். அந்த க்ஷணத்தில் கைகள் இன்னும் பின்னாலேயே இருக்கின்றன. கால் தரையில் ஊன்றிய பிறகு இடுப்பு திரும்புகிறது, இடுப்பைத் தொடர்ந்து மார்பு திரும்புகிறது, மார்புக்குப் பின் தோளும் முழங்கையும் வருகின்றன, எல்லாவற்றுக்கும் கடைசியில் மட்டை வருகிறது. தரையைக் காலால் உந்துவதில் பிறந்த சக்தி அங்கம் அங்கமாக ஏறிப் பெருகி, மட்டையின் நுனியை அடையும்போது உச்சம் பெறுகிறது. தறிக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. கைத்தறியில் அமர்ந்தவர் முதலில் காலால் மிதியை அழுத்திப் பாவைப் பிரிக்கிறார், பிறகே கையால் நாடாவை ஓடவிடுகிறார். கால் பிந்திக் கை முந்தினால் இழை அறுந்துபோகும். "அடிக்கறதும் அப்படித்தான் கண்ணு, கால் முந்தோணும், கை பிந்தோணும்" என்று சொன்னால், தாத்தாவின் தறிக்குழியருகே விளையாடி வளர்ந்த பிள்ளை சட்டென்று தலையசைக்கிறாள்.

தலையசைப்பது வேறு, தேகம் அறிவது வேறு. மெலிந்த சரீரமுள்ள ஒரு சிறுமி மாலைதோறும் வந்து முழு மூச்சோடு மட்டையை வீசுவாள்; பந்து நாலடி தள்ளி விழும். "கை வலிக்குதுங்க சார், பந்து மட்டும் போகவே மாட்டேங்குது" என்று ஒருநாள் கண் கலங்கினாள். "மட்டையைக் கீழ வெச்சிரு கண்ணு. ரெண்டு கையையும் மார்மேல கட்டிக்க. இப்ப இடுப்பை மட்டும் திருப்பு பாக்கலாம்" என்றேன். திருப்பினாள், தோளும் கூடவே திரும்பிவிட்டது. மறுபடியும் திருப்பினாள். இடுப்பு முன்னே போக, தோள் ஒரு கணம் பின்தங்கி, அதன்பின் தொடர்ந்து வந்த நேரத்தில், வயிற்றுக்குக் குறுக்கே ஏதோ இழுப்பதைத் தானாகவே உணர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்த இழுப்புத்தான் சக்தியின் இருப்பிடம். அதன் பிறகு பல நாட்கள் அவளுக்கு ஓடிவரும் பந்தே கொடுக்கப்படவில்லை. அடிக்கட்டையில் நட்ட ரப்பர் குழாயின் தலையில் பந்தை இடுப்புயரத்தில் வைத்து, முன்காலுக்கு நேரே நிறுத்தி, அசையாத பந்தையே அடித்துப் பழகினாள். அடுத்து, பக்கவாட்டில் முழந்தாளிட்டு நான் மெல்லத் தூக்கிப் போட்ட பந்து. அதற்கும் அடுத்துத்தான் எதிரிலிருந்து வரும் பந்து. கனமான மட்டையை எடுத்துவிட்டு இலேசான மட்டையைத் தந்ததும் அவளுக்குப் பேருதவியாயிற்று. பாரம் தாங்காத பிள்ளை தோளைக் கோணி மட்டையை இழுக்கப் பழகிவிட்டால், அந்தக் கோணலை மாற்றப் புதிதாய்க் கற்பதைவிட இருமடங்கு பிரயாசை வேண்டும். அவளுடைய மட்டையில் பந்து சரியான இடத்தில் பட்டு, கையில் அதிர்வே இல்லாமல் கணீரென்று ஒலித்துப் பறந்த நாளில், அவள் பந்தைப் பார்க்கவில்லை; தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்பிப்பவன் தன் வாக்கில் மிகுந்த ஜாக்கிரதை காட்ட வேண்டும். மைதானங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் உபதேசங்கள் சில, சொல்பவருடைய நல்லெண்ணத்துக்கு மாறாகப் பிள்ளையைக் கெடுத்துவிடுகின்றன. மட்டையைக் கீழ்நோக்கி வெட்டு என்பது ஒன்று. வந்து சேரும் பந்து பெரும்பாலும் சற்றே கீழிறங்கித்தான் வருகிறது. ஆகையால் அதன் பாதைக்கு எதிரே மட்டை சற்றே மேல்நோக்கிச் செல்வதே இரண்டும் நெடுநேரம் ஒரே கோட்டில் சந்திக்க வழி என்று பேஸ்பால் மேதை டெட் வில்லியம்ஸ் வற்புறுத்தினார். மெதுவாக ஓட்டிப் பார்க்கும் படங்களும் அதையே காட்டுகின்றன. பின்காலால் பூச்சியை நசுக்குவதுபோல் திருகு என்பது மற்றொன்று. பின்கால் திரும்புவது இடுப்பு திரும்பியதன் விளைவு. விளைவைக் காரணமாக்கிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை காலை மட்டும் திருகிவிட்டு இடுப்பை மறந்துவிடுகிறாள். ஒரு நாளைக்கு ஒரே சொல், அதுவும் பிள்ளையின் தேகம் ஏற்கெனவே பாதி கண்டுகொண்ட விஷயத்தைப் பற்றிய சொல் என்ற நியமத்தைக் கடைப்பிடித்தால் போதும். பந்து வரும் நேரத்தில் ஐந்து உபதேசங்களை நினைக்கும் குழந்தைக்குப் பந்து தெரியாது.

இவ்வளவு பிரயாசை எதற்கு என்றால், இயற்கை எல்லோருக்கும் ஒரே அளவான சரீர பலத்தைத் தரவில்லை என்பதற்காகத்தான். பெரிய தேகமுள்ள பிள்ளை முறை தவறி அடித்தாலும் ஓரளவு தூரம் பந்து போகும். அவளுக்கு ஆசிரியன் இல்லாவிட்டாலும் காலம் ஓடிவிடும். மெலிந்த பிள்ளைக்கு முறை ஒன்றே மூலதனம். தன் எடையையும், தன் காலடி மண்ணையும், சரியான நேரத்தையும் சேர்த்துப் பயன்படுத்தத் தெரிந்தால் அவளும் எல்லைக்கோட்டைத் தொட முடியும். அதோடு, அடக்கமாக நில், மெல்லப் பேசு என்றே கேட்டு வளரும் நம் பெண்குழந்தைகளுக்கு, கால்களை அகல ஊன்றி, முழு உடலையும் தயங்காமல் ஒரு காரியத்தில் செலுத்தலாம் என்னும் அனுமதியை இந்த ஆட்டம் தருகிறது. அந்த அனுமதி கிடைத்த பிள்ளை வகுப்பறையில் எழுந்து நிற்கும் விதமும் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோரும் ஆசிரியர்களும் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. 1941ஆம் ஆண்டுப் பருவத்தில் டெட் வில்லியம்ஸ் கணக்கில் சேர்ந்த 456 வாய்ப்புகளில் 185இல் மட்டுமே வெற்றிகரமாக அடித்தார். உலகம் இன்றும் வியந்து பேசும் அந்தச் சாதனையில் தோல்வி பாதிக்கு மேல். மகாநிபுணருக்கே இந்த நிலைமை என்றால், பத்து வயதுப் பிள்ளை வெளியேறி வரும்போது முகம் சுளிப்பது எவ்வளவு அநீதி! முறை தவறி அடித்த பந்து அதிர்ஷ்டத்தால் இடைவெளியில் விழுந்தால் கைதட்டுகிறோம். கால், இடுப்பு, கை என்று கிரமம் பிசகாமல் அடித்த பந்து நேரே ஒருத்தியின் கையுறைக்குள் போனால் உச்சுக்கொட்டுகிறோம். குழந்தை எதற்குக் கைதட்டு விழுகிறதோ அதையே கற்றுக்கொள்ளும். ஆகவே, பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு முன் கால் எங்கே விழுந்தது என்று பார்க்கும் கண்ணை நாம் முதலில் பெறுவோமாக. பிடிபட்டுத் திரும்பும் பிள்ளையிடம் "நல்ல அடி கண்ணு" என்று மனமாரச் சொல்லக்கூடிய ஊரில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் உருவாவார்கள்.