கேட்கக் கற்ற கோல்

கிணற்றை எட்டிப் பார்த்துத் தம் பெயரைக் கூவாத சிறுமியர் உண்டோ? கூவிய பெயரைக் கிணறு நமக்கே திருப்பித் தருவதில் அத்தனை மகிழ்ச்சி! அபிராமத்திலிருந்து நாள்தோறும் பள்ளிக்கு வரும் நாங்கள் மூவரும் அவ்வாறு கூவி மகிழ்ந்தவர்களே. அந்த எதிரொலி எங்களுக்கு ஒரு பாடம் புகட்டும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்களுள் ஒருத்தியின் அப்பத்தாவுக்குக் கண்பார்வை இல்லை. தரையிலுள்ள கல்லையும் குழியையும் ஊன்றுகோல் காட்டிவிடும். முகத்துக்கு நேரே நீண்டிருக்கும் கருவேல முள்ளை அது எப்படிக் காட்டும்? ஆகவே அறிவியல் கண்காட்சிக்கு மீயொலிக் கோல் ஒன்று செய்ய முடிவு செய்தோம்.

மீயொலி என்பது நம் செவிக்கு எட்டாத ஒலி. நாம் கேட்கக்கூடியது விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான். எங்கள் கோலில் பொருத்திய சிறு வில்லையோ விநாடிக்கு 40,000 முறை அதிரும். அவ்வொலி 1 மீட்டர் தொலைவிலுள்ள பொருளில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 6 மில்லி விநாடி ஆகும். அந்த நேரத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். எளிது என்றே எண்ணினோம்!

ஒலியை அனுப்புவது எளிதுதான். திரும்பி வருவதைக் கேட்பதன்றோ கடினம்! எதிரொலி மிக நலிந்து வருகிறது. பெருக்கியில் அதைப் பன்மடங்கு பெரிதாக்கி, ஒப்பீட்டுச் சுற்றுக்கு அனுப்ப வேண்டும். அச்சுற்று ஒரு வாயிற்காவலரைப் போன்றது. குறித்த அளவுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை மட்டுமே எதிரொலி என்று உள்ளே விடும். அந்த அளவை ஒரு சிறு திருகால் நாங்களே அமைத்தோம். மேலும், அடித்த பின்னும் மணி சற்று நேரம் அதிர்வது போல வில்லையும் அதிர்கிறது. அதையே எதிரொலி என்று மயங்காதிருக்க, ஒலி அனுப்பியதும் 1 மில்லி விநாடி நேரம் சுற்று காதைப் பொத்திக்கொள்ளுமாறு செய்தோம்.

அப்பத்தா கோலைப் பிடித்து நான்கு அடி வைத்ததும் மின்மணி ஓயாமல் ஒலித்தது. எதிரே ஒன்றுமில்லை! இடுப்பில் செருகிய சாவிக்கொத்துதான் காரணம். சாவிகள் உரசினால் மீயொலியும் பிறக்குமாம். திருகை முறுக்கி அளவை உயர்த்தினோம். மணி அடங்கியது, எங்களுக்கோ பெருமை. ஆனால் மறுநாளே கருவேலங்கிளை அப்பத்தாவின் நெற்றியைக் கீறிவிட்டது. மெல்லிய கிளையின் நலிந்த எதிரொலியையும் காவலர் விரட்டிவிட்டார்! இரத்தத்தைக் கண்டு நாங்கள் அழுதேவிட்டோம்.

அப்பத்தா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அழாதீகத்தா. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த மணி கத்தும்போது பின்னால வர்ற வண்டி எனக்குக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

பார்வையற்றவருக்குக் காதல்லவா கண்! அதை நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லையே!

அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் சொன்னோம். டில்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி, 2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்மார்ட்கேன்' என்னும் கருவியைப் பற்றி அவர் கூறினார். சென்னை நிறுவனம் ஒன்று அதைத் தயாரித்ததாம். வெள்ளைக் கோலின் மேல் பொருத்தும் அக்கருவி, ஏறத்தாழ 3 மீட்டர் வரையுள்ள தடையைக் கைப்பிடியின் அதிர்வால் உணர்த்தும்.

நாங்களும் மணியைக் கழற்றிவிட்டு, பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரை வைத்தோம். காவலரின் அளவைத் தாழ்த்தினோம். அதற்கு ஈடாக, அடுத்தடுத்து மூன்று முறை ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பி வந்தால்தான் எதிரொலி என ஏற்குமாறு நிரல் எழுதினோம். சாவியோசை நேரங்கெட்டு வரும். கிளையின் எதிரொலியோ நேரம் தவறாது!

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிட்டவில்லை. மிக மெல்லிய குச்சி இன்னமும் சில வேளை தப்பிவிடுகிறது. அதை அப்பத்தாவிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அவர் துணையின்றிக் கடைத்தெரு வரை சென்று திரும்பிய நாளை எங்களால் மறக்க இயலாது.

தோழியரே, பிறருக்கு உதவ எண்ணினால் முதலில் அவர்களைக் கேட்போம். நலிந்த குரல் என்று எதையும் ஒதுக்கிவிடலாகாது. முள் இருக்கும் இடத்தைச் சொல்வது அதுவாகவே இருக்கலாம்!