சாவேலா வம்பு

அடியே கமலி,

ஆண் பாடுவதாக எழுதின காதல் பாட்டு ஒரு பாடகி கைக்கு வந்தால் ‘அவளை’ ‘அவன்’ ஆக்கிக்கொள்வார்களா என்று போகிற போக்கில் கேட்டிருந்தாயே. ஸ்பானிஷ் பாட்டுக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த மொழியில் ‘சோர்ந்துபோயிருக்கிறேன்’ என்று சொன்னாலே, சொல்வது ஆணா பெண்ணா என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அக்காவின் ரவிக்கையைத் தங்கைக்குப் பிரித்துத் தைக்கிற மாதிரி, பாட்டையும் ஆளுக்குத் தகுந்தபடி தைத்துக்கொள்வார்கள்.

தைக்கவே மாட்டேன் என்று நின்றவள் ஒருத்தி உண்டு. அவள் வம்புதான் இந்தக் கடிதம் முழுக்க.

சாவேலா வர்காஸ். 1919-இல் கோஸ்டாரிகாவில் பிறந்து, மெக்சிகோவுக்கு வந்து பாடகி ஆனவள். பாடியது ராஞ்சேரா. மரியாச்சி கோஷ்டி டிரம்பெட் முழக்க, ஆண்பிள்ளைகள் டெக்கீலாவை ஊற்றிக்கொண்டு, விட்டுப் போனவளை நினைத்துப் புலம்புகிற பாட்டு. பெண்கள் பாடாமல் இல்லை. லூச்சா ரேயெஸ், லோலா பெல்ட்ரான் எல்லாம் கொடிகட்டிப் பறந்தவர்கள்தான். ஆனால் மேடைக்கு வரும்போது பூவேலைப் பாவாடையும் அலங்காரமும் குறையக் கூடாது. இவளோ கால்சட்டை, மேலே ஒரு போஞ்சோ. கோஷ்டியை ஓரங்கட்டிவிட்டு, கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டை ஆற அமரப் பாடினாள். வார்த்தையிலே கை வைக்கவில்லை. ஹோசே ஆல்ஃப்ரெடோ ஹிமெனெஸ் ‘அவள்’ என்று எழுதியிருந்தால் இவளுக்கும் அவள்தான். ஹிமெனெஸ் வேறு யாருமில்லை, இவளோடு சேர்ந்து குடித்துக் கூத்தடித்த சிநேகிதன்!

கேட்டவர்களுக்குப் புரியாமலா இருக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது! ஓவியர்கள் ஃப்ரீடா காலோ, டியேகோ ரிவேரா தம்பதி வீட்டில் கொஞ்ச காலம் தங்கியிருந்தாள். ஃப்ரீடாவோடு காதல் என்று பேச்சு கிளம்பியது. 1957-இல் அகாபுல்கோவில் ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லருக்கும் மைக் டாடுக்கும் கல்யாணம், இவள் கச்சேரி. அங்கே ஒரு காலை கண்விழித்தால் பக்கத்தில் நடிகை ஆவா கார்ட்னராம். இதை அவளே பிற்காலத்தில் சொன்னாள், நம்புவதும் நம்பாததும் உன் பாடு. இத்தனை இருந்தும் ‘நான் பெண்களை விரும்புகிறவள்’ என்று ஊரறிய வாய்விட்டுச் சொன்னது எண்பது வயது தாண்டித்தான். அதுவரைக்கும் பாட்டே சொல்லிக்கொண்டிருந்ததே, வேறென்ன சொல்ல வேண்டும்?

எனக்கு வம்பைவிடக் குரல்தான் பெரிது. ஹிமெனெஸே பாடும்போது அழுகைக்கு நடுவிலும் ஒரு மீசை முறுக்கு இருக்கும். ‘என்னையா விட்டுப் போனாய்’ என்கிற ரோஷம். அதே பாட்டை சாவேலா பாடும்போது ரோஷம் கழன்று விழுந்துவிடும். மற்றவர்கள் உச்சத்தில் கத்துகிற இடத்தில் இவள் பேச்சுக்குரலுக்கு இறங்குவாள். வயதான காலத்துப் பதிவுகளில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ‘அவன்’ என்று மாற்றியிருந்தால் இது ஏதோ ஒரு கைவிடப்பட்ட பெண்ணின் பாட்டாகி, நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருக்கும்.

ஸ்பெயினில் இதையே தலைகீழாகச் செய்தவன் மிகேல் டி மோலினா. கோப்லா என்று அங்கே ஒரு வகைப் பாட்டு. ரஃபேல் டி லியோன் அதில் பெண் குரலாகவே எழுதித் தள்ளினான். ‘ஓஹோஸ் வெர்டெஸ்’ விலைமகளிர் விடுதி வாசலில் நிற்கிற ஒருத்தியின் பாட்டு. கொஞ்சா பிக்கேர் பாடினால் ரசித்தார்கள். மிகேலும் அதைப் பாடினான், தொளதொள கையும் பளபளப்புமாகச் சட்டை போட்டுக்கொண்டு. உள்நாட்டுப் போர் முடிந்ததும், குடியரசுப் பக்கம் நின்றவன், ஆண்களை விரும்புகிறவன் என்று இரண்டு கணக்கையும் சேர்த்து அடித்து நொறுக்கினார்கள். அர்ஜென்டினாவுக்கு ஓடிப்போய், 1993-இல் அங்கேயே செத்தான். சாவேலாவையும் காலம் சும்மா விடவில்லை. குடியில் மூழ்கி மேடையை விட்டே காணாமல் போனாள். செத்துவிட்டாள் என்றே பலர் நினைத்தார்கள். 1990-களில் திரும்பி வந்தபோது, இயக்குநர் அல்மோதோவார் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். 2003-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினாள். 2012-இல் போய்ச் சேர்ந்தாள்.

இந்தத் தையல் வேலைக்கே இடம் வைக்காத கெட்டிக்காரி கொன்சுவேலோ வெலாஸ்கெஸ். ‘பேசமே முச்சோ’வை ஆண், பெண் யார் யாருக்குப் பாடினாலும் பொருந்தும்படி எழுதிவிட்டாள். பீட்டில்ஸ் பையன்கள்கூடப் பாடினார்கள். மரியா கிரேவர் என்கிற பெண் எழுதின ‘ஹூராமே’யைப் பிரபலமாக்கியவன் ஹோசே மொஹிகா, சினிமா நாயகன். அப்படி உருகிப் பாடினவன், பிறகு ஃபிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து துறவியாகிவிட்டான் போ!

பாடகி பக்கிட்டா லா டெல் பாரியோவை விட்டுவிட்டேனே. ‘ராட்டா டே டோஸ் பாட்டாஸ்’ என்று, துரோகம் செய்தவனை இரண்டு கால் எலி என்று கிழிகிழியென்று கிழிக்கிற பாட்டு. மெக்சிகோப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடி மனசை ஆற்றிக்கொள்வார்கள். எழுதினது யார் தெரியுமா? மனுவேல் எதுவார்தோ டோஸ்கானோ, ஆம்பிளை! உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது அதைப் போட்டுக் கேள். மற்றதில் முதலில் ஹிமெனெஸ், அப்புறம் சாவேலா, அந்த வரிசையில். உனக்கு யாரைப் பிடித்தது என்று எழுது.

உன்
ராஜி