ஒரு வண்டியின் தெரிவு

பரீட்சைகள் பல எழுதித் தேறியவள் நான். ஆயினும், எங்கள் வீட்டார் ஒருமித்து மகிழ்ந்தது, எட்டு என்ற இலக்கத்தின் வடிவிற் காலூன்றாமல் மோட்டார் சைக்கிளை ஓடி முடித்த அந்த ஒரு பரீட்சைக்கே எனலாம். 2023 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான செய்முறைப் பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். இலக்கணப் பாடத்தில் நான் பெற்ற சிறப்புச் சித்தியைக் கேட்டு "நல்லது" என்று மட்டும் சொன்ன அம்மா, அன்று அயலுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

அனுமதி கிடைத்துவிட்டது, வண்டி எங்கே? எதனை வாங்குவது என்ற வினா அன்றிரவே எழுந்தது. அதற்கு விடைகாண எங்களுக்கு மூன்று மாதங்கள் சென்றன.

எங்கள் வீடு வேலணையில் உள்ளது. திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்வதாயின் பண்ணைத் தாம்போதியைக் கடந்தே செல்லவேண்டும். இருபுறமும் கடல், மறைப்பதற்கு மரமுமில்லை, மதிலுமில்லை. மாலை விரிவுரை பிந்தினாற் பேருந்தும் தவறிவிடும். அப்பாவுக்கோ மாதந்தோறும் நகரிற் கிளினிக். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் அரிதாகிப் பேருந்துகள் குறைந்தபோது, அவர் இரண்டு தடவை கிளினிக்குக்குப் போகாமலே மருந்தை விட்டார். வண்டி எங்களுக்கு அலங்காரமன்று என்பதை விளக்க இதுவே போதும்.

ஆலோசனைக்குக் குறைவிருக்கவில்லை. "நீ எடுத்தது ஏ வகுப்பு அனுமதி. நூறு சீசீக்கு உட்பட்டதை ஓடுவதற்கு ஏ1 போதுமே! நூற்றைம்பதை எடு" என்றார் மச்சான். அவருடைய வண்டியை நிறுத்தியிருந்த இடத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். ஓடும்போது அடங்கி நிற்கும் அந்தப் பாரம், மணலிற் சில்லுப் புதைந்தபோது அடங்கவில்லை. தோழியர் ஸ்கூட்டரை விதந்துரைத்தனர். கியர் மாற்றும் தொல்லையில்லை. பொருள் வைக்க இடமுண்டு. ஆனால், அதன் பத்து அங்குலச் சில்லு எங்கள் உள்வீதிக் கிடங்குகளில் எவ்வாறு இறங்கி ஏறும் என்பதை ஒருநாட் பின்னிருந்தே அறிந்தேன்.

எஞ்சியது நூறு சீசீயளவான நான்கு அடி எஞ்சின் கொண்ட இந்திய வண்டி. பெற்றோலுடன் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. அறிவு அதனையே சுட்டியது. ஆனால் 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 இலேதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட அக்காலத்திற் பாவித்த வண்டியொன்று, அது புதிதாயிருந்தபோது விற்ற விலையையும் மிஞ்சி நின்றது. தவணைக்குத் தருவதாக ஒரு நிறுவனத்தார் முன்வந்தனர். அப்பா பழைய கடித உறையொன்றின் பின்புறத்தில் மாதக்கட்டணங்களைக் கூட்டினார். வண்டியின் விலையில் அரைவாசி மேலதிகமாக நின்றது. உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்றிரவு அம்மா என் திருமணத்துக்கென வைத்திருந்த இரண்டு சோடிக் காப்புகளையும் மேசையில் வைத்தார். நான் எதுவும் பேசவில்லை.

சில நாட்களின் பின், ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் தமது ஹொண்டா எம்.டி. 90 வண்டியை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். சிவப்பு நிறம், கேட்ட விலை ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. ஒரு சோடிக் காப்பே போதும்.

எம்.டி. 90 என்றால் யாழ்ப்பாணத்தில் அறியாதார் இல்லை. 1958 இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சுப்பர் கப் வண்டியின் வழிவந்தது அது. யப்பானியத் தபாற் சேவைக்கெனவே ஆக்கப்பட்டமையாற் சிவப்பு நிறமும், முன்னே கடிதப்பொதி வைக்கும் தட்டும் அதற்கு வாய்த்தன. அங்கே ஓடிக் களைத்த வண்டிகள் இங்கே வந்து இரண்டாம் பிறவி எடுத்தன. 1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருட்தடைக் காலத்தில், சூப்பிப் போத்தலாற் சில துளி பெற்றோல் ஊதி இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவற்றுள் இவையும் அடங்கும்.

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தபாற்காரராக இருந்தவர். யப்பானியத் தபாற்காரர் ஏறிய வண்டியை ஆசைப்பட்டுப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தவர். 1989 இல் ஓர் எம்.டி. 90 வாங்குவதற்கென அவர் சேர்த்த பணம், மறுவருடம் தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அரிசியாகவும் கூரைக்குக் கிடுகாகவும் மாறிற்று. இதனை எனக்குச் சொன்னவர் அம்மாவே. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்லிவிட்டு அம்மா எச்சரித்தார்: "அப்பாவின்ர ஆசைக்காக நீ வண்டி வாங்காதை, பிள்ளை. ஓடப்போறது நீ."

அந்தச் சொல் என்னை நெடுநேரம் உறங்கவிடவில்லை. வண்டியைத் தெரிகின்றேனா, அப்பாவுக்குப் பட்ட கடனை அடைக்கின்றேனா என்று என்னையே வினவிக்கொண்டேன். வியப்பென்னவெனில், அப்பாவும் மறுத்தார். "பழசு, பிள்ளை. முன்னுக்கும் பின்னுக்கும் டிறம் பிறேக். புதுசுகளைப் போலப் பிடியாது. இரவில வெளிச்சமும் காணாது" என்றார். அவர் சொன்னவை யாவும் உண்மை.

ஆகவே, ஆசையை ஒதுக்கி வைத்து, கராச் அண்ணரை அழைத்துச் சென்று பார்த்தேன். எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டார். குளிர்ந்திருந்த எஞ்சினை உதைத்து இயக்கிப் புகையின் நிறத்தைக் கவனித்தார், நீலமில்லை. "வளையங்கள் நல்லாயிருக்கு" என்றார். கைக் கிளச்சு இல்லை. காலால் நெம்பை அழுத்தினாற் கியர் மாறும். சங்கிலி முழுவதையும் தகட்டுறை மூடியிருந்தது. அதைக் கண்டபோதே என் மனம் தீர்மானித்தது. உப்புக்காற்று முதலில் அரிப்பது சங்கிலியைத்தான் என்பதைத் தீவகத்தில் வாழ்பவர் அறிவர். பாரமோ என்னால் தனியே தூக்கி நிமிர்த்தக்கூடிய அளவு. பழுதானால் எங்கள் ஊரிலேயே திருத்துவார்கள். குறைகள் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்: இருட்டியபின் தாம்போதியைக் கடப்பதில்லை, எவ்வளவு அவசரமாயினும் நாற்பதுக்கு மேல் ஓடுவதில்லை.

இவை காரணங்கள். இவற்றின் அடியில் அப்பாவின் முகம் இருக்கவில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால், காரணங்களின்றி அந்த முகத்துக்காக மட்டும் வாங்கியிருப்பின், ஒவ்வொரு பழுதின்போதும் அவர்மீது சினந்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒரு காலை அப்பாவைக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்றேன். சோளகம் குறுக்காக வீசிக்கொண்டிருந்தது. தாம்போதியின் நடுவில் ஒரு வீச்சு வண்டியை ஓரத்துக்குத் தள்ளிற்று. என் கைகள் இறுகின. பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "காற்றோடை மல்லுக்கட்டாதை. கையை இளக்கு. கொஞ்சம் சரிஞ்சு குடு, அது விட்டிடும்." அவ்வாறே செய்தேன், வண்டி நேரானது. சைக்கிளில் முப்பது ஆண்டுகள் இந்தக் காற்றைப் படித்தவருடைய பாடம் அது. எந்தப் பரீட்சையிலும் அதனை எனக்கு எவரும் சொல்லித்தந்ததில்லை.

நகரை அடைந்து வண்டியை நிறுத்தியபோதுதான் முன்தட்டைக் கவனித்தேன். புறப்படுமுன் அப்பா தமது கிளினிக் புத்தகத்தையும் மருந்துச் சீட்டுகளையும் அளவுப்படி அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக றப்பர் வளையமிட்டு, அங்கே வைத்திருந்தார். கடிதக்கட்டைப் போலவே இருந்தது. அதனை எடுத்துக்கொண்டு, வண்டியின் இருக்கையை ஒருமுறை கையாற் தடவிவிட்டு, வரிசையை நோக்கி நடந்தார்.