எரிச்சலைக் கடல்காற்றின் மீது போடாதீர்கள்



தீவகத்தில் கண் எரிந்தால் எல்லோரும் கடலைத்தான் குறை சொல்வோம். சோளகக் காற்று, உப்பு, மணல், அடுப்புப் புகை எனக் காரணங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நயினாதீவில் இருக்கும் என் மாமியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கண் அழுத்த நோய்க்காகத் தினமும் சொட்டு மருந்து விடுபவர் அவர். மருந்து விட்டதும் எரிவு, இமையோரம் சிவப்பு. வீடு கழுவும் நாளில் அது இன்னும் கூடும். கடைசியில் யாருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டார். ரமழான் மாதம் வேறு. நோன்புக்கும் நல்லதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

குறிகட்டுவானுக்குப் படகேறி, யாழ்ப்பாணம் போய்க் கண் வைத்தியரிடம் காட்டினோம். இடக்கண்ணின் ஓரப் பார்வை குறைந்திருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது என்றார் அவர். பிறகு மருந்துப் போத்தலை வாங்கி, சிறிய எழுத்தில் இருந்த ஒரு பெயரைக் காட்டினார்: பென்சல்கோனியம் குளோரைட். தரை துடைக்கும் மருந்தின் லேபலையும் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அதே பெயர்!

திறந்த போத்தலில் கிருமி வளராமல் காப்பதற்காக இதைச் சேர்க்கிறார்கள். சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் 0.004 முதல் 0.02 சதவீதம்தான் இருக்கும். ஆனால் சவர்க்காரத்தைப் போலக் கண்ணீரின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தை இது கலைத்துவிடும். கண் உலரும், கருவிழியின் மேற்தோல் புண்படும். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். ஆண்டுக்கணக்கில் மருந்து விடுபவர்களுக்கே பாதிப்பு அதிகம்.

அதற்காக இது வேண்டாத பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு, சென்னையில் தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு கண் சொட்டு மருந்தில் இத்தகைய காப்புப் பொருள் இருக்கவில்லை. அதனோடு தொடர்புபட்ட கிருமித் தொற்றில் 4 பேர் இறந்தார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள். ஆகவே காப்புப் பொருள் இல்லாத மருந்தை ஒருமுறை மட்டும் பாவிக்கும் சிறு குப்பிகளிலோ, அதற்கென்றே செய்த வடிகட்டிப் போத்தல்களிலோ தருகிறார்கள். குப்பியில் மீந்ததை நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது.

மாமிக்கு வைத்தியர் அந்தக் குப்பி மருந்தையே எழுதித் தந்தார். வீட்டில் தரை மருந்தை லேபலில் சொன்ன அளவுக்குக் கரைத்து, துடைத்த பின் வெறுந்தண்ணீரால் மீண்டும் துடைக்கிறோம். ஜன்னல்கள் திறந்திருக்கும், தரை காயும்வரை மாமி விறாந்தையில் இருப்பார். சில வாரங்களில் சிவப்பு தணிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, கண் எரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். போத்தலோடு வைத்தியரிடம் போய், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். நோன்பைப் பற்றியும் அச்சம் வேண்டாம். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கண்ணில் விடும் மருந்தின் சுவை தொண்டையில் தெரிந்தாலும் நோன்பு முறியாது.

பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொள்ள அவனே நமக்குத் துணை செய்வானாக. ஆமீன்.