உப்பளத்து ஊரில் உப்புப் பாடம்!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ் ஏறினால் சீக்கிரமே முத்தையாபுரம் வந்துவிடும். ஊரைச் சுற்றி உப்பளங்கள். வெயிலில் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்தால் கண் கூசும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி வட்டார உபயம்தான்!

இப்பேர்ப்பட்ட ஊரில், 'உப்பைக் கடையில் வாங்குங்க' என்று வகுப்பு எடுத்தால்? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்! அதையும் பார்த்தேன் சார், ஓர் அங்கன்வாடியில்.

1975-ல் ஆரம்பித்த திட்டம் இது. சத்துமாவு கொடுப்பது, குழந்தையை எடை போடுவது, கூடவே தாய்மார்களுக்குச் சத்துணவுப் பாடம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் விடிவதற்குள் அளத்துக்குப் போய் உப்புச் சுமந்துவிட்டு வந்தவர்கள். முருங்கைக்கீரை, சாளை மீன் என்று டீச்சர் சொன்னவரை தலையாட்டினார்கள். உப்பு என்றதும் கிளம்பியது எதிர்ப்பு.

"கடல் தண்ணியில வெளைஞ்ச உப்புல இல்லாத சத்தா பாக்கெட்டுல இருக்கு? அளத்துல கெடக்கத விட்டுட்டு காசு குடுத்து வாங்கணுமாக்கும்?"

டீச்சர் வாதாடவில்லை. இரண்டு தட்டில் இரண்டு உப்பையும் வைத்து, மேலே ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டார். பாக்கெட் உப்பு நீலமானது. அளத்து உப்பு அப்படியே வெள்ளை!

"நீலமாச்சே, அதாம்மா அயோடின். கடல் உப்புல அது பேருக்குத்தான் இருக்கும். வயித்துல இருக்க பிள்ளைக்கு மூளை வளர இது வேணும்."

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் கருவில் ரொம்பக் குறைந்துபோனால், பிறகு எந்த ட்யூஷனாலும் ஈடுகட்ட முடியாது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-லேயே தடை வந்தாச்சு. அளத்திலிருந்து பையில் வீட்டுக்கு வருகிற உப்பை எந்தச் சட்டம் தடுக்கும்?

ஒரு கர்ப்பிணி மெல்லக் கேட்டாள்: "உப்பு கொண்டாரது அவுகதான் டீச்சர். அவுககிட்ட யாரு சொல்ல?"

அறையில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்! "அண்ணாச்சி, நீங்க எழுதுங்க!"

எழுதிவிட்டேன். மாதம் பிறந்தால் மளிகை லிஸ்ட்டோடு கடைக்குப் போகிற தம்பிமார்களே, பாக்கெட்டில் 'அயோடின்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். குழம்பை இறக்கும்போது உப்புப் போடச் சொல்லுங்கள்; முடிந்தால் நீங்களே போடுங்கள்!

அந்தப் பெண்கள் சுமந்த உப்புதான் அயோடின் ஏறி நம் வீட்டு டப்பாவுக்கு வருகிறது. சுமந்தவள் வீட்டுக் குழம்புக்கும் அது போய்ச் சேர வேண்டாமா?