புதுக்கிய பழமை

பழைய பொருளொன்றைச் செப்பனிட்டு விற்பவர் எதனை விற்கின்றார்? அதன் பழமையையா, தமது உழைப்பையா? இவ்வினா வெறும் சொல்விளையாட்டன்று என்பதை, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நான் கண்ட மோட்டார் சைக்கிளொன்று எனக்கு உணர்த்தியது.

1903 இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தோன்றிய நகர் மில்வாக்கி. அங்கு நான் பயின்ற காலத்தில், வீடொன்றின் முற்றத்தில் அவ்வண்டி விற்பனைக்கு நின்றது. இரண்டாம் உலகப்போரின்போது இராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட டபிள்யூ.எல்.ஏ. வகை அது. ஏறத்தாழ 740 கன சென்றிமீற்றர் எஞ்சின். இடக்காலால் இயக்கும் கிளச். பெற்றோல் தாங்கியின் அருகே கையால் மாற்றும் கியர். இராணுவப் பச்சை வர்ணம் சிறிதும் மங்காதிருந்தது.

அவ்வர்ணம் அண்மையிற் பூசப்பட்டதே. போர் முடிந்தபின் இவ்வகை வண்டிகள் மலிவாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியோர் பலர் பச்சையை மறைத்து வேறு வர்ணம் பூசினர். பாரங் குறைக்க மட்கார்டுகளை வெட்டினர். போரின் சுவடு அவர்களுக்கு வேண்டாததாயிற்று. பிற்காலத்தவரோ, அவர்கள் கழற்றி எறிந்த துப்பாக்கி உறையையும் ஒளிமறைப்பு விளக்கையும் தேடிப் பெருவிலை கொடுத்து மீளப் பூட்டுகின்றனர்.

இவ்வாறு மீட்டமைத்த வண்டியின் உண்மையை அறிவது எங்ஙனம்? அக்கால ஹார்லி வண்டிகளுக்கு எஞ்சினிற் பொறித்த இலக்கமே அடையாளம். சில்லும் சட்டகமும் தாங்கியும் மாறினாலும் சட்டத்தின் கண்ணில் அது அதே வண்டிதான். அவ்விலக்கமும் முழுச் சான்றன்று. 1943 இலும் 1944 இலும் செய்யப்பட்டவற்றிலும் 42 என்ற எண்ணே முன்னின்றது.

வண்டிக்குரிய முதியவர், விலை பேசுமுன் கொப்பியொன்றை நீட்டினார். போர்க்காலப் பாகங்கள் எவை, பிற வண்டிகளிலிருந்து பெற்றவை எவை, புதிதாய்ச் செய்வித்தவை எவை என்பன யாவும் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. எஞ்சினை உதைத்து இயக்க முழங்கால் இடந்தராமையாலேயே அவர் அதனை விற்க முன்வந்தார்.

"இதைக் காட்டாதிருந்தால் கூடிய விலை கிடைக்குமே" என்றார் வாங்க வந்த ஒருவர்.

"கிடைக்கும். ஆனால் எதை வாங்கினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாமற் போய்விடும்" என்றார் முதியவர்.

வந்தவர் வாங்காமலே சென்றார். முதியவர் கொப்பியை மடித்து உள்ளே வைத்தார்.

சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் அறிஞர், தாம் ஊகித்து நிரப்பிய சொல்லை மூலச் சொல்லினின்றும் பிரித்துக் காட்டுவார். அதனால் ஏட்டின் மதிப்புக் குன்றுவதில்லை. இரும்பு துருவேறும், இறப்பர் வெடிக்கும், ஏடும் செல்லுக்கு இரையாகும். ஆதலால் பழமையைப் பேணுவோர் சிலவற்றை மாற்றியே ஆகவேண்டும். அம்மாற்றத்தை மறைக்கும்போதே பேணல் பொய்யாகின்றது. பழமையை ஆராய்ந்து எழுத முற்படும் மாணவராகிய நாமும், நாம் கண்டது இது, நாம் சேர்த்தது இது என்று பிரித்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதனாற் கிடைக்கும் மதிப்புக் குறையினும் சரியே.